கேபிள் அகலப்பட்டைத் திசைவிகளில் மெய்நிகர் இடைமுகத் தொகுப்பு

மெய்நிகர் இடைமுகத் தொகுப்பு என்பது, கேபிள் வழியாக இணையம் வழங்கும் திசைவி ஒன்றில் உள்ள பல கேபிள் இடைமுகங்களை ஒரே பெயரின் கீழும் ஒரே ஐ.பி. முகவரித் தொகுதியின் கீழும் இயங்கச் செய்யும் முறையாகும். களத்தில் பணிபுரிவோர் இதனைச் சுருக்கமாகப் 'பண்டில்' என்பர். சிஸ்கோ நிறுவனத்தின் யு.பி.ஆர். வரிசைத் திசைவிகளில் இம்முறை பரவலாக அறியப்பட்டது. பின்னர் வந்த சி.பி.ஆர்.-8 திசைவியிலும் இது தொடர்கிறது. வேறு நிறுவனக் கருவிகளிலும் இதே கருத்து வேறு பெயர்களில் காணப்படுகிறது.

பெயர் கடினமாக ஒலித்தாலும் கருத்து எளிது. ஓர் ஊரின் அஞ்சலகத்தை எடுத்துக்கொள்வோம். 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் முறைப்படி, அந்த அஞ்சலகத்துக்கு ஒரே எண்தான். ஆனால் உள்ளே ஐந்தாறு தபால்காரர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி 'பீட்' உண்டு. வெளியூரிலிருந்து கடிதம் எழுதுபவர், எந்தத் தெரு எந்தத் தபால்காரரின் பீட்டில் இருக்கிறது என்று அறியத் தேவையில்லை. நாளை ஒரு தெருவை முதல் தபால்காரரிடமிருந்து இரண்டாமவருக்கு மாற்றினாலும் அத்தெருவாசிகளின் முகவரி மாறுவதில்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணின் இடத்தில் பண்டிலையும், பீட்டின் இடத்தில் கேபிள் இடைமுகத்தையும் வைத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, கேபிள் வலையமைப்பின் தனித்தன்மையில் இருக்கிறது.

கேபிள் வலையமைப்பின் அமைப்பு

தொலைக்காட்சிக்காக இழுக்கப்பட்ட இணையச்சு வடத்திலேயே இணையத்தையும் அனுப்பும் தொழில்நுட்பத்துக்கு டாக்சிஸ் என்று பெயர். அதன் முதல் பதிப்பு 1997இல் வெளியானது. 2001இல் 2.0, 2006இல் 3.0, 2013இல் 3.1 எனப் பதிப்புகள் தொடர்ந்தன. வாடிக்கையாளரின் வீட்டில் கேபிள் மோடம் இருக்கும். மறுமுனையில், நிறுவனத்தின் தலைமை நிலையத்தில் சி.எம்.டி.எஸ். எனப்படும் பெரிய கருவி இருக்கும். ஆயிரக்கணக்கான மோடங்களுக்கு மறுமுனையாக நிற்பது இதன் முதல் வேலை. அதே பெட்டி திசைவியாகவும் செயல்படுவதால் இதைக் 'கேபிள் ரூட்டர்' என்றும் சொல்வதுண்டு.

தலைமை நிலையத்திலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் கண்ணாடி இழை செல்கிறது. அங்கே 'நோட்' எனப்படும் பெட்டியில் ஒளி மின்சாரமாக மாறி, இணையச்சு வடம் வழியே வீடுகளுக்குப் பிரிகிறது. சி.எம்.டி.எஸ். கருவியில் செருகப்படும் அட்டைகளில் உள்ள ஒவ்வொரு கேபிள் இடைமுகமும் இத்தகைய ஒரு நோட்டையோ சில நோட்டுகளையோ கவனித்துக்கொள்கிறது. சிஸ்கோ யு.பி.ஆர்.10012 திசைவியில் கேபிள் அட்டைகளுக்கென 8 இடங்கள் இருந்தன. எம்.சி. 5×20 எனப்படும் அட்டை ஒவ்வொன்றிலும் கீழ்நோக்கு வாய் 5, மேல்நோக்கு வாய் 20. ஆகவே முழுமையாக நிரப்பிய ஒரு பெட்டியில் 40 கேபிள் இடைமுகங்கள்.

கீழ்நோக்கு, மேல்நோக்கு என்ற இரு சொற்களையும் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். சி.எம்.டி.எஸ். பேசுவது அந்த இடைமுகத்தில் உள்ள எல்லா மோடங்களுக்கும் கேட்கும். ஆனால் ஒரு மோடம் பேசுவது சி.எம்.டி.எஸ். கருவிக்கு மட்டுமே கேட்கும். பக்கத்து வீட்டு மோடத்துக்குக் கேட்காது. இரண்டும் வெவ்வேறு அதிர்வெண்களில் செல்வதே காரணம். வகுப்பறை ஈதர்நெட் வலையமைப்புக்கும் கேபிள் வலையமைப்புக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். பின்னால் வரும் சிக்கல்களில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

தமிழ்நாட்டில் கேபிளும் இணையமும்

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 'கேபிள் நெட்' என்று சொல்லப்பட்டதெல்லாம் டாக்சிஸ் அல்ல. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி நடத்துபவரே, மொட்டை மாடிகளின் வழியாக ஈதர்நெட் கம்பியை இழுத்து, வழியில் சிறு சுவிட்சுகளை வைத்து வீடுகளுக்கு இணையம் தந்த ஏற்பாடுதான் பல ஊர்களில் இருந்தது. மோடம் கிடையாது, கம்பி நேராகக் கணினியில் செருகப்படும். இதையும் கேபிள் மோடம் சேவையையும் ஒன்றாக எண்ணிவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணப்படும் குழப்பம்.

உண்மையான கேபிள் மோடம் சேவையை ஹாத்வே போன்ற நிறுவனங்கள் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் வழங்கின. அது சிற்றூர்களுக்குப் பெரிதும் பரவாததற்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் உண்டு. 1990களில் மின்கம்பங்களிலும் மரங்களிலும் கட்டி இழுக்கப்பட்ட வடங்களில் இருந்த பெருக்கிகள் ஒருவழிப் பெருக்கிகள். தொலைக்காட்சிக்குப் படம் வீட்டுக்கு வந்தால் போதும்; வீட்டிலிருந்து எதுவும் திரும்பிப் போக வேண்டியதில்லை. இணையத்துக்கோ திரும்பும் பாதை கட்டாயம் வேண்டும். பெருக்கிகளையெல்லாம் இருவழியாக மாற்ற வேண்டும். மேலும், திரும்பும் பாதைக்கான குறைந்த அதிர்வெண் பகுதியில் ஒவ்வொரு வீட்டின் தளர்ந்த இணைப்பியும் இரைச்சலைச் சேர்க்கும். அந்த இரைச்சல் எல்லாம் ஒன்றுகூடித் தலைமை நிலையத்துக்கு வந்து சேரும். அந்தச் செலவைத் தாங்கும் அளவு வாடிக்கையாளர்கள் பெருநகரங்களில்தான் இருந்தனர்.

தொகுக்காவிட்டால் என்ன ஆகும்?

திசைவியின் அடிப்படை விதி, ஒவ்வோர் இடைமுகத்துக்கும் ஒரு தனி முகவரித் தொகுதி வேண்டும் என்பது. அந்த விதியின்படி, 40 கேபிள் இடைமுகங்கள் இருந்தால் 40 தனித் தொகுதிகள் தேவைப்படும். இது எவ்வளவு வீண் என்பதை ஒரு கணக்கால் காண்பது நல்லது.

செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னை–செங்கல்பட்டு ரயில் பாதையில் உள்ள சிங்கப்பெருமாள் கோவிலை எண்ணிப் பார்க்கலாம். பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோவிலால் பெயர் பெற்ற இவ்வூர், இன்று ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் செல்லும் தொழிற்சாலைச் சாலையின் தொடக்கமாகவும் இருக்கிறது. அருகிலேயே மகிந்திரா வேர்ல்டு சிட்டி. தொழிற்சாலைகளில் வேலைக்கு வரும் இளைஞர்கள் அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்குவதால், இத்தகைய ஊர்களில் ஒரு தெருவின் குடியிருப்பு நிலை ஓராண்டில் மாறிவிடும். நேற்று வரை காலிமனையாக இருந்த இடத்தில் இன்று பதினைந்து அறைகள் கொண்ட கட்டடம் நிற்கும்.

இப்படிப்பட்ட ஊர் ஒன்றில் 8 நோட்டுகள் கொண்ட கேபிள் வலையமைப்பு இருப்பதாகக் கொள்வோம். இது கணக்குக்காகக் கற்பித்த எடுத்துக்காட்டே. எந்த நிறுவனத்தின் புள்ளிவிவரமும் அன்று. எட்டு நோட்டுகளிலும் இணைப்புகள் முறையே 230, 190, 150, 120, 90, 60, 40, 20. மொத்தம் 900. முகவரித் தொகுதிகள் 32, 64, 128, 256 என இரண்டின் மடங்குகளாகவே அமையும். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் முகவரியும் கடைசி முகவரியும் பயன்படா; இன்னொன்று திசைவிக்குப் போய்விடும். ஆக, தொகுதி ஒன்றுக்கு மூன்று முகவரி கழிவு.

முதல் மூன்று நோட்டுகளுக்கும் தலா 256, அடுத்த இரண்டுக்குத் தலா 128, அதற்கடுத்த இரண்டுக்குத் தலா 64, கடைசிக்கு 32. கூட்டினால் 1,184 முகவரிகள். கழிவு 24 போக 1,160. அதில் 900 பயன்பாட்டில் உள்ளன. 260 சும்மா கிடக்கின்றன. 260 முகவரி கையில் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அவை எங்கே கிடக்கின்றன என்பதுதான் கேள்வி. 150 இணைப்பு உள்ள நோட்டில் 103 காலி. 60 இணைப்பு உள்ள நோட்டில் ஒன்றே ஒன்று காலி. மேற்சொன்ன பதினைந்து அறைக் கட்டடம் அந்த அறுபதாம் நோட்டில் எழும்பினால், முதல் அறைக்கு இணைப்புத் தரலாம். மற்றப் பதினான்கு அறைகளுக்குத் தர முடியாது. ஊரின் மறுபுறம் 103 முகவரிகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

எட்டு இடைமுகங்களையும் ஒரே பண்டிலில் சேர்த்தால், 1,024 முகவரிகள் கொண்ட ஒரே தொகுதி போதும். கழிவு மூன்று போக 1,021. பயன்பாடு 900, மிச்சம் 121. முன்னதைவிட மிச்சம் குறைவு. ஆனால் இந்த 121ஐயும் ஊரின் எந்த மூலையிலும் பயன்படுத்தலாம். வாங்கிய முகவரியும் 160 குறைந்திருக்கிறது. தொகுப்பின் பயன் 'சேமிப்பு' என்று பாடநூல்கள் ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. பகிர்ந்துகொள்ளக்கூடிய மிச்சம் என்பதே பொருத்தமான விளக்கம்.

இதன் அருமை 2011இல் அனைவருக்கும் புரிந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள், உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரித் தொகுதிகள் வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் வட்டாரப் பதிவகமான ஏப்னிக், ஏப்ரல் 15 அன்று தன் கடைசிப் பெருந்தொகுதியை எட்டி, அன்றுமுதல் சிறு அளவுகளில் மட்டுமே முகவரி வழங்கத் தொடங்கியது. இந்தியாவுக்கான ஐரின் பதிவகம் 2012இல் தொடங்கியபோது தட்டுப்பாட்டுக் காலம் பிறந்துவிட்டிருந்தது. புதிதாகத் தொழிலில் இறங்கிய சிறு நிறுவனத்துக்கு முகவரி என்பது ரேஷன் பொருள்.

முதன்மையும் துணையும்

தொகுப்பு முறை முதலில் வந்தபோது மெய்நிகராக இருக்கவில்லை. பல இடைமுகங்களில் ஒன்றை 'மாஸ்டர்' என்று குறித்து, முகவரியையும் மற்ற விதிகளையும் அதில் எழுதுவர். மற்றவை 'ஸ்லேவ்' என்ற பெயரில் அதனைச் சார்ந்து நிற்கும். தமிழில் முதன்மை, துணை எனலாம்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெளிப்படை. முதன்மை இடைமுகம் என்பது ஓர் அட்டையில் உள்ள உண்மையான வாய். எல்லார்க்கும் பொதுவான முகவரி, அந்த ஒரு வாயின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. பழுதுபார்க்க அந்த அட்டையைக் கழற்றினால், அதில் தொங்கும் நோட் மட்டுமா பாதிக்கப்படும்? தனக்கு எந்தக் குறையும் இல்லாத மற்ற நோட்டுகளின் பொது முகவரிக்கும் ஆதாரம் போய்விடும். ஒரு வீட்டு மின்பழுதுக்காகத் தெரு முழுதும் மின்சாரத்தை நிறுத்துவது போன்றது இது. எந்த இடைமுகத்தை முதன்மையாகத் தேர்வது, பின்னாளில் அதை மாற்ற வேண்டுமானால் என்ன செய்வது என்பனவும் தொல்லைகளாக இருந்தன.

தீர்வு, முதன்மை என்ற பதவியை எந்த உண்மையான இடைமுகத்துக்கும் கொடுக்காமல், மென்பொருளில் மட்டும் இருக்கும் ஓர் இடைமுகத்தை உருவாக்கி அதற்குக் கொடுப்பது. சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். 12.3 வரிசை மென்பொருளில் இந்த மாற்றம் வந்தது. 'பண்டில் 1' என்று பெயரிட்டு ஓர் இடைமுகம் உருவாக்கப்படும். அதற்கு வாயும் இல்லை, கம்பியும் இல்லை. ஆதலால் அது கழன்று விழவும் வழியில்லை. முகவரி, வடிகட்டி, பாதுகாப்பு விதி எல்லாம் அங்கே எழுதப்படும். உண்மையான கேபிள் இடைமுகம் ஒவ்வொன்றிலும் 'கேபிள் பண்டில் 1' என்று ஒரு வரி எழுதினால் போதும், அது உறுப்பினராகிவிடும். இப்போது அனைத்தும் துணைகளே, அனைத்தும் சமமே. ஓர் அட்டை பழுதானால் அந்த அட்டையின் வாடிக்கையாளர்கள் மட்டும் பாதிக்கப்படுவர். 'மெய்நிகர்' என்ற அடைமொழிக்குப் பொருள் இவ்வளவுதான்.

தகவல் எப்படி வழியறிகிறது?

இணையத்திலிருந்து ஒரு பொட்டலம் சி.எம்.டி.எஸ். கருவிக்கு வருகிறது. சேர வேண்டிய முகவரி பண்டில் 1இன் தொகுதிக்குள் இருக்கிறது. ஆனால் பண்டிலில் எட்டு உறுப்பினர்கள். எதன் வழியே அனுப்புவது?

இதற்காகத் திசைவி ஓர் அட்டவணையைப் பராமரிக்கிறது. வாடிக்கையாளரின் கருவியிலிருந்து முதல் செய்தி மேலே வரும்போதே, அதன் மேக் முகவரியும் அது வந்த கேபிள் இடைமுகமும் அட்டவணையில் பதியப்படும். கீழே அனுப்பும்போது, ஐ.பி. முகவரிக்கு உரிய மேக் முகவரி எது, அந்த மேக் முகவரி எந்த உறுப்பினரின் பின்னால் இருக்கிறது என்று இரண்டு படிகளில் தேடி, அந்த ஓர் இடைமுகத்தில் மட்டும் பொட்டலம் விடப்படும். மற்ற ஏழு நோட்டுகளுக்கு அது போகாது. ஆகவே, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் நெரிசல் கூடாதா என்ற ஐயம், சாதாரணப் பொட்டலங்களைப் பொறுத்தவரை தேவையற்றது.

முகவரி வழங்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. கேபிள் வலையமைப்பில் மோடத்துக்கே ஒரு முகவரி வேண்டும். அதன் பின்னால் உள்ள கணினிக்கு இன்னொன்று வேண்டும். மோடத்துக்கு, 10 என்று தொடங்கும் தனியார் முகவரி போதும்; அதை யாரும் வெளியிலிருந்து தேடி வரப்போவதில்லை. எனவே பண்டிலின் முதல் முகவரியாகத் தனியார் தொகுதியும், இரண்டாம் முகவரியாகப் பொதுத் தொகுதியும் எழுதப்படும். மோடம் டி.எச்.சி.பி. வழியே முகவரி கேட்டால் திசைவி முதல் முகவரியைக் குறிப்பிட்டும், கணினி கேட்டால் இரண்டாவதைக் குறிப்பிட்டும் அக்கோரிக்கையைச் சேவையகத்துக்கு அனுப்பும். சேவையகம் அதைப் பார்த்தே எந்தக் கையிருப்பிலிருந்து கொடுப்பது என்று முடிவு செய்கிறது. பண்டில் இல்லாத காலத்தில் இந்த இரட்டை ஏற்பாட்டை ஒவ்வோர் இடைமுகத்திலும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. நாற்பது இடைமுகங்களில் ஒன்றில் ஓர் எண் பிசகினாலும் அந்தப் பகுதிக்கு இணையம் இராது.

நோட் பிளப்பு நடக்கும்போது தொகுப்பின் பயன் மிக நன்றாகத் தெரியும். ஒரு நோட்டில் வாடிக்கையாளர் பெருகினால், அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை வேறோர் இடைமுகத்துக்கு மாற்றுவர். பண்டில் இல்லையெனில், மாறிய பாதிக்குப் புதிய முகவரி. நிலையான முகவரி வாங்கி கேமரா பொருத்தியிருக்கும் கடைக்காரர்கள் எல்லாரும் தொலைபேசியில் வந்து நிற்பார்கள். பண்டில் இருந்தால் மோடம் சில நிமிடங்கள் விளக்கு மின்னி மீண்டும் இணையும், முகவரி பழையதே.

கூட்டுக் குடும்பத்தின் தொல்லைகள்

கூட்டுக் குடும்பத்தில் செலவு குறையும்; சத்தம் கூடும். பண்டிலிலும் அப்படித்தான்.

ஓர் ஐ.பி. முகவரிக்குரிய மேக் முகவரி தெரியாதபோது திசைவி, 'இந்த முகவரி யாருடையது?' என்று எல்லாரையும் பார்த்துக் கேட்கும். இது ஏ.ஆர்.பி. கோரிக்கை. யார், எங்கே என்று தெரியாததால்தான் கேட்கிறது. ஆகவே இது பண்டிலின் எல்லா உறுப்பினர்களிலும் ஒலித்தாக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒரு கேள்விக்கு எட்டுப் படிகள். சாதாரண நாளில் இது பொருட்டல்ல. ஆனால் 2001இல் கோட் ரெட், 2003இல் பிளாஸ்டர் போன்ற புழு நிரல்கள் பரவியபோது, தொற்றிய கணினிகள் முகவரி முகவரியாகத் தட்டிப் பார்த்தன. காலியாகக் கிடந்த முகவரிகளுக்கும் அந்தத் தட்டல் வந்தது. காலி முகவரி ஒவ்வொன்றுக்கும் திசைவி 'யாருடையது?' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்ல ஆளில்லை. கேபிள் நிறுவனங்களுக்கு அக்காலத்தில் இந்த ஏ.ஆர்.பி. வெள்ளம் பெரிய தலைவலி. ஒரு மோடம் குறிப்பிட்ட நேரத்தில் இத்தனை ஏ.ஆர்.பி. கோரிக்கைகளுக்குமேல் எழுப்பக் கூடாது என்று வரம்பு வைக்கும் வடிகட்டிகள் கேபிள் திசைவிகளில் இடம்பெற்றதற்கு இதுவே பின்னணி. பெரிய பண்டில் அமைப்பவர் இந்த வடிகட்டியையும் சேர்த்தே அமைக்க வேண்டும். அமைக்காமல் விட்டால் தொகுத்த பயன் வெள்ளத்தோடு போகும்.

அடுத்தது முகவரித் திருட்டு. தனித்தனித் தொகுதிகளாக இருந்தபோது, ஒருவர் வேறு நோட்டில் உள்ளவரின் முகவரியைத் தன் கணினியில் கையால் எழுதினாலும் அது வேலை செய்யாது, தொகுதி பொருந்தாது. ஒரே பண்டிலில் ஊரின் ஒரு கோடியில் இருப்பவர் மறுகோடியில் இருப்பவரின் முகவரியை எழுதிக்கொள்ள முடியும். உரியவருக்கு இணையம் தடைபடும். அதைவிட மோசம், திருடியவர் செய்த தவற்றுக்கு உரியவரின் வீட்டுக் கதவு தட்டப்படும். இதனைத் தடுக்க, மூல முகவரி சரிபார்ப்பு என்ற வசதி பண்டிலில் எழுதப்படுகிறது. தனக்குத் தெரியாத முகவரியிலிருந்து பொட்டலம் வந்தால் திசைவி உடனே டி.எச்.சி.பி. சேவையகத்திடம், இந்த முகவரியை இந்த மோடத்துக்கு நீ கொடுத்தாயா என்று விசாரிக்கும். இல்லையென்றால் பொட்டலம் வீசப்படும். இதை ஒரு கூடுதல் வசதியாகக் கருதி ஒத்திவைப்பது சரியன்று. தொகுத்த நாளிலேயே இதுவும் இயங்க வேண்டும்.

மூன்றாவது, அண்டை வீட்டார் சிக்கல். ஒரே தொகுதியில் இருக்கும் இரு கணினிகள், தாம் ஒரே கம்பியில் இருப்பதாகவே நம்பும். திசைவியின் உதவியை நாடாமல் நேரடியாகப் பேச முயலும். ஆனால் முன்பே சொன்னபடி, ஒரு மோடம் பேசுவது இன்னொன்றுக்குக் கேட்காது. ஆகவே அடுத்த வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் உள்ள தளத்தைப் பார்க்க முடியும்! இந்த வேடிக்கையைத் தீர்ப்பது பதிலாள் ஏ.ஆர்.பி. 'அந்த முகவரி யாருடையது?' என்று ஒரு வீடு கேட்டால், 'என்னுடையதுதான், என்னிடம் கொடு' என்று திசைவியே பதில் சொல்லி, வாங்கி, உரிய வீட்டுக்குச் சேர்ப்பிக்கும்.

தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஊர்களில் இன்னொரு தேவையும் எழும். உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறையின் கணக்குக் கணினியும், பக்கத்து வீட்டு விளையாட்டுக் கணினியும் ஒரே குழுவில் இருப்பது விரும்பத்தக்கதல்ல. பண்டிலுக்குள்ளேயே 'பண்டில் 1.1', 'பண்டில் 1.2' என உட்பிரிவுகள் அமைத்து, வணிக வாடிக்கையாளர்களைத் தனித் தொகுதியிலும் தனி வழியமைப்பிலும் வைக்கலாம். கம்பி அதே கம்பிதான்.

பெயர் மயக்கங்கள்

தொகுத்தால் வேகம் கூடுமா? கூடாது. வேகத்தைக் கூட்டுவது 'பாண்டிங்' எனப்படும் வாய்க்கால் பிணைப்பு. அது டாக்சிஸ் 3.0இன் கொடை. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கீழ்நோக்கு வாய்க்கால் 256 க்யூ.ஏ.எம். முறையில் நொடிக்குச் சுமார் 50 மெகாபிட் தரும். நான்கைப் பிணைத்தால் ஒரே மோடத்துக்குச் சுமார் 200 மெகாபிட் எட்டலாம். பண்டில் கவனிப்பது முகவரியை. பாண்டிங் கவனிப்பது அகலத்தை. ஒலி ஒற்றுமையால் இரண்டையும் குழப்புவோர் பலர். இரு ஈதர்நெட் கம்பிகளை ஒன்றாக்கும் இணைப்புத் திரட்டும் வேறு. ஒரே கம்பியைப் பலவாகப் பிரித்துக் காட்டும் வீலேனும் வேறு.

பண்டிலுக்கு மிக நெருங்கிய உறவு வீட்டிலேயே இருக்கிறது. வீட்டு ரூட்டரில் நான்கு கம்பி வாய்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எனப் பல இடைமுகங்கள் உள்ளன. ஆனால் ரூட்டரின் முகவரி 192.168.1.1 போன்று ஒன்றே. உள்ளே 'பிரிட்ஜ்' என்ற மெய்நிகர் இடைமுகம் ஒன்று அவற்றைத் தொகுத்திருக்கிறது. ஒரு மடிக்கணினியைக் கம்பியிலும் ஒரு கைப்பேசியை வைஃபையிலும் இணைத்து, இரண்டின் ஐ.பி. முகவரிகளையும் தாளில் எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாகவே இருக்கும். கைப்பேசியை அறைக்கு அறை கொண்டுபோய் 2.4இலிருந்து 5க்கு மாறச் செய்தாலும் முகவரி மாறாது. நோட் பிளப்பில் நடப்பதும் இதுவே. ரூட்டரில் விருந்தினர் வைஃபை வசதி இருந்தால் அதில் இணைத்தும் பார்க்கலாம். பல ரூட்டர்களில் வேறு தொகுதி முகவரி வருவதைக் காணலாம்.

இன்றைய நிலை

யு.பி.ஆர். வரிசை வழக்கொழிந்து, 2015இல் சி.பி.ஆர்.-8 வந்தது. இந்தியாவில் புதிய இணைப்புகள் கண்ணாடி இழைக்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டமும் இழையை நம்பியதே. ஆயினும் இழை வலையமைப்பிலும் பல இழை வாய்களின் வாடிக்கையாளர்களை ஒரே முகவரித் தொகுதியின் கீழ் கொண்டுவரும் தேவை அப்படியே இருக்கிறது, ஏ.ஆர்.பி. வரம்பும் மூலச் சரிபார்ப்பும் பதிலாள் பதிலும் அங்கும் வேறு பெயர்களில் உண்டு. சென்னையில் பிளெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சிஸ்கோ தொடங்கிய உற்பத்திக்கூடம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்கு முதலில் தயாராவதாக அறிவிக்கப்பட்ட என்.சி.எஸ். 540 வகை, தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான திசைவியே. அவ்வட்டாரத்தில் தொழிற்பயிற்சி பெறும் மாணவர்களுக்கு மெய்நிகர் இடைமுகம் என்ற கருத்து இனி ஏட்டுச்சுரைக்காய் அன்று.

முகவரித் தட்டுப்பாட்டுக்குச் சிறு நிறுவனங்கள் கண்ட வழி, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வது. இதற்கென 2012இல் 100.64 என்று தொடங்கும் தனித் தொகுதியே ஒதுக்கப்பட்டது. ஐ.பி. ஆறாம் பதிப்பில் இந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை. அங்கே ஒரு சாதாரணத் தொகுதியிலேயே 2இன் 64ஆம் அடுக்கு முகவரிகள் உள்ளன. நாற்பது இடைமுகங்களுக்கும் தனித்தனித் தொகுதி தாராளமாகக் கொடுக்கலாம். அப்படியிருந்தும் சி.பி.ஆர்.-8 திசைவியில் கேபிள் இடைமுகங்கள் பண்டிலின் உறுப்பினர்களாகவே இயங்குகின்றன. ஆறாம் பதிப்பு முகவரியும் பண்டிலில்தான் எழுதப்படுகிறது. முகவரி மிச்சம் என்ற முதற்காரணம் அகன்றபின்னும், நோட்டைப் பிளக்கும் நாளில் வாடிக்கையாளரின் முகவரி மாறக் கூடாது என்ற காரணம் நிற்கிறது.